தேனீப் படத்தின் மச்சம்

பிப்ரவரி 6

அன்புள்ள குட்டிக்கு,

அண்ணி எழுதுவது. நானும் உன் அண்ணனும் நலம். உன் இருமல் நின்றதா? புது அறையில் வெயில் வருகிறதா?

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம். இரண்டாவது நிமிடத்தில் சண்டை வரும். மூன்றாவது நிமிடத்தில் உன் அண்ணன் போனைப் பிடுங்கி "அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிடுவார். இந்த விஷயத்தை நான் முழுதாகச் சொல்லி முடிக்க வேண்டும்.

அருங்காட்சியகத்தில் நிரந்தரப் புகைப்படக்காரர் வேலைக்கு மனுப் போட்டேனே, கடைசி மூன்று பேரில் ஒருத்தியாக வந்துவிட்டேன் என்று போன மாதம் குதித்தேனே, ஞாபகம் இருக்கிறதா? "தாடையை இறக்குங்க, சிரிக்காதீங்க" என்று பாஸ்போர்ட் படம் எடுத்தே என் காலம் போய்விடுமோ என்று இருந்தவள் நான். அந்தச் சந்தோஷத்துக்கு யார் கண் பட்டதோ.

போன வியாழக்கிழமை கூப்பிட்டு அனுப்பினார்கள். தேர்வுக் குழுத் தலைவி சிரிப்பே தெரியாத ஓர் அம்மாள். மேசையில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் என் தேனீப் படம்தான். நாற்சந்தி சிக்னலில் சிவப்பு விளக்கை மூடித் தேனீக்கள் அப்பிக்கொண்டிருக்கும், இடுக்கு வழியாகச் சிவப்பு கசியும், கீழே போக்குவரத்துக் காவலர் உயர்த்திய கையை இறக்க மறந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாரே, அந்தப் படம். ஒன்று நான் மனுவோடு கொடுத்தது. இன்னொன்றின் மூலையில் வெள்ளை எழுத்தில் வேறொருவர் பெயர்.

"இவரு போன வருஷமே இதைக் காலண்டர்ல போட்டிருக்காரு. நீங்க எப்படிம்மா உங்க படம்னு குடுத்தீங்க?" என்றார்.

என் படத்தையே நான் திருடிவிட்டேனாம், குட்டி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தக் காலண்டர்காரர் யார் தெரியுமா? புகைப்படச் சங்கத்தின் போட்டிக்கு அந்தப் படத்தை அனுப்பினோமே, அதில் நடுவராக உட்கார்ந்திருந்த ஆள். பரிசைக் கொடுக்கவில்லை, படத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

கேமராவில் எடுத்த மூலப் படம் இருந்தால் ஒரு நொடியில் முகத்தில் விட்டெறிந்திருப்பேன். பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் செத்தபோது அதுவும் கூடவே போய்விட்டது. போட்டிக்கு மெயிலில் அனுப்பிய பிரதி மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. அதே பிரதி அவரிடமும் இருக்கிறது.

ஏப்ரல் கடைசியில் விசாரணை. நிரூபிக்க முடியாவிட்டால் வேலை போகும். அதுகூடப் பரவாயில்லை. திருடி என்ற பெயர் நிற்கும். அப்புறம் பாஸ்போர்ட் படத்துக்குக்கூட என் முன்னால் யார் வந்து உட்காருவார்கள்?

ஏதாவது வழி இருந்தால் எழுது. இல்லாவிட்டாலும் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். இருமல் போய்விட்டது. வெயில் வருகிறது, ஆனால் நான் ஆபீஸில் இருக்கும்போது மட்டும் வருகிறது. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் அந்தக் காலண்டர்காரரைக் கண்டபடி திட்டினேன். அப்புறம் சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து மேசைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அண்ணி, மச்சம்! உங்கள் பிறந்தநாளுக்கு நான் எழுதிக் கொடுத்த புரோகிராம். மறந்துபோயிற்றா?

நீங்கள் அன்றைக்குத் தலையை ஆட்டினீர்கள், காதில் வாங்கினீர்களா தெரியாது. மறுபடி சொல்கிறேன். உங்கள் அடையாள அட்டையில் "வலது கட்டைவிரலில் வெட்டுத் தழும்பு" என்று போட்டிருக்கிறது இல்லையா? அதுபோலப் படத்துக்கு ஓர் அடையாளம். மூலையில் பெயர் எழுதினால் எவனும் வெட்டிவிட்டுத் தன் பெயரை எழுதிக்கொள்வான். மச்சம் படம் முழுக்க இருக்கும். ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை முத்திரையை எடுத்துப் பொடிப்பொடியாக்கி, படத்தின் வெளிச்சத்தை இங்கே ஓர் இம்மி கூட்டி, அங்கே ஓர் இம்மி குறைத்துத் தூவிவிடுகிறோம். கண்ணுக்குத் தெரியாது. ஓரத்தை வெட்டினாலும், சுருக்கினாலும், பெரிதாக்கினாலும் போகாது. எந்தப் பொடி எங்கே இருக்கிறது என்பது சாவிச் சொல்லுக்கு மட்டும் தெரியும். சரியான சாவியைக் கொடுத்தால் பொடியெல்லாம் சேர்ந்து முத்திரையாக எழுந்து வரும். தவறான சாவி என்றால் மணலைக் கொட்டியதுபோல் வெறும் புள்ளிகள்.

உங்கள் பெயரை முத்திரையாக்கி, இருபத்து நாலு எழுத்தில் ஒரு சாவியும் கொடுத்தேனே. எல்லாப் படத்துக்கும் போட்டுத்தானே அனுப்புகிறீர்கள்? படத்தை அனுப்பி வையுங்கள். காலண்டர்காரர் தன் இணையதளத்தில் போட்டிருக்கும் படத்தை நான் ஏற்கெனவே இறக்கிவிட்டேன். இரண்டிலிருந்தும் உங்கள் பெயரை எடுத்துக் காட்டுகிறேன். ஆசாமி எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்கிறார் என்று பார்ப்போம்.

இந்தப் புரோகிராமின் பெரிய வடிவத்தை மே மாதம் எங்கள் கம்பெனி பத்திரிகைகளுக்குக் கொடுக்கப்போகிறது. முதல் வெற்றி உங்களுடையதாக இருக்கட்டும்.

தூங்குங்கள், சாப்பிடுங்கள். அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் வாயாடி நாத்தனார்


மார்ச் 3

அன்புள்ள குட்டிக்கு,

நலம்தானே? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எனக்குக் கடைவாய்ப் பல் வலி. எதிர்வீட்டுக்காரர் பியானோ வாங்கியிருக்கிறார். பல்லும் பியானோவும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்கின்றன.

படத்தை உன் அண்ணன் அனுப்புவார். அனுப்புகிற வேலையெல்லாம் எப்போதும் அவர்தானே.

அந்தக் காவலரைத் தேடிக் கண்டுபிடித்தேன். இப்போது வேறொரு சந்திப்பில் நிற்கிறார். "அன்னைக்கு நான் உங்களைப் படம் எடுத்தேன், ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். "யாரோ எடுத்தாங்கம்மா. கொட்டிடுமோன்னு நான் தேனீயைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றார். நியாயம்தான். படத்திலும் அவர் தேனீயைத்தான் பார்க்கிறார்.

நீ பின்னிக் கொடுத்த பச்சை ஸ்வெட்டரை எடுத்து வெயிலில் போட்டேன். எவ்வளவு நுணுக்கமான பின்னல்! நீ எது செய்தாலும் அப்படித்தான். மச்சமும் எவ்வளவு யோசித்துச் செய்திருந்தாய். அதில் ஒருவேளை எதுவும் வராவிட்டாலும் நீ மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. எல்லா முயற்சியும் பலிக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது?

உன் அண்ணன் இந்த மாதம் கேட்காமலே பாத்திரம் துலக்குகிறார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை ஆறுதல் சொல்ல மாட்டார், கல்லுளிமங்கன். பாத்திரம் மட்டும் பளபளக்கிறது.

பல்லுக்கு நாளை மருத்துவரிடம் போகிறேன்.

அண்ணி


மார்ச் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் என்று எழுத ஆசைதான். இது உனக்கு மட்டும். அதனால்தான் வீட்டுக்கு அனுப்பாமல் உன் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அனுப்புகிறேன். அண்ணி கண்ணில் பட்டுவிடக் கூடாது.

முத்திரை வரவில்லை, அண்ணா.

நீ அனுப்பிய படத்தில் சாவியைப் போட்டேன், மணல். காலண்டர்காரர் படத்தில் போட்டேன், அதுவும் மணல். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என் புரோகிராமை வரிவரியாகப் படித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கேயோ அடிப்படையில் தப்பு செய்திருக்கிறேன். எத்தனை படங்களில் போட்டு எடுத்துப் பார்த்தேன், எல்லாவற்றிலும் வந்ததே! உண்மையாக ஒருத்திக்குத் தேவைப்பட்ட நேரத்தில் காலை வாரிவிட்டது.

அண்ணி என்னை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "எதுவும் வராவிட்டாலும் அலட்டிக்கொள்ளாதே" என்று எனக்கே ஆறுதல் எழுதியிருக்கிறாள். படித்துவிட்டு ஆபீஸ் கழிவறையில் போய் அழுதேன். எந்த முகத்தோடு அவளிடம் சொல்வேன்?

மே மாதம் இதை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று மேலதிகாரியிடம் சொல்லிவிடப் போகிறேன். ஒருத்தியை ஏமாற்றியது போதும். அண்ணிக்கு வேறு ஏதாவது வழி இருக்கிறதா என்று நீயும் யோசி. வாயைத்தான் திறக்க மாட்டாய், மூளையையாவது திற.

குட்டி


மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

பல் எப்படி இருக்கிறது? பிடுங்கினார்களா, அடைத்தார்களா?

படம் வந்து சேர்ந்தது. சோதனை நடக்கிறது. இதெல்லாம் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை, அவசரப்பட்டால் ஆகாது. நான் புதுச் செருப்பு வாங்கினேன், கடிக்கிறது. இங்கே ஒரே மழை.

பியானோக்காரருக்கு ஏதாவது ஒரு பாட்டு வந்துவிட்டதா?

நாத்தனார்


மார்ச் 24

குட்டி,

நலம். உன் கடிதம் கடைக்கு வந்தது. ஒருவரின் கண்ணாடியைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டு அதைப் படித்தேன். அவருக்கு எதுவும் தெரியாததால் கோபப்படவில்லை.

எனக்கு நீளமாக எழுத வராது. நீ அழுதாய் என்பதால் எழுதுகிறேன்.

உன் புரோகிராமில் தப்பில்லை. மே மாதத்தை நிறுத்தாதே.

உன் அண்ணி மச்சம் போடவே இல்லை. நீ கொடுத்த அன்றைக்கு ஒரு மேகப் படத்தில் போட்டுப் பார்த்தாள். "வானத்துக்குச் சொறி புடிச்ச மாதிரி இருக்கே" என்றாள். மூடி வைத்துவிட்டாள். நீ ஆசையாகச் செய்து கொடுத்தது, சொல்ல மனசு வரவில்லை. பச்சை ஸ்வெட்டர் கதைதான். அதுவும் அவளுக்கு அரிக்கும். நான் சொன்னதாகச் சொல்லாதே.

ஆனால் படத்தில் மச்சம் இருக்கிறது. நான் போட்டேன்.

தங்கை செய்தது சும்மா கிடக்கிறதே என்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது. படங்களை அனுப்புவது என் வேலை. அனுப்புவதற்கு முன்னால் உன் புரோகிராமில் ஒரு தடவை விட்டு எடுத்தேன். அழுத்தம் என்று ஒரு அளவு வைத்திருக்கிறாயே, அது கடைசி வரைக்கும் ஏறி இருந்தது. கால்வாசிக்கு இறக்கினேன். அப்புறம் அவள் கண்ணுக்குப் படவே இல்லை. இரண்டு வருடமாக எல்லாப் படத்துக்கும் போடுகிறேன். அவளிடம் சொல்லவில்லை. அவள் படத்தை வேறு யாராவது தொட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும்.

நீ தந்த முத்திரையும் சாவி எழுதிய காகிதமும் எங்கேயோ போய்விட்டன. முத்திரைக்கு அவள் விரலைப் போட்டேன். தினமும் காலையில் தன் மூக்குக்கண்ணாடியில் வலது கட்டைவிரலைப் பதித்து என்னிடம் துடைக்கக் கொடுப்பாள். ஒரு நாள் துடைப்பதற்கு முன்னால் கடையில் அதைப் பெரிதாக்கிப் படம் எடுத்துக்கொண்டேன். தழும்புகூடத் தெரியும். அவளுக்கு அதைவிட வேறு என்ன முத்திரை?

சாவிக்கு எனக்கு மறக்காத ஒரு சொல்லைப் போட்டேன். நீ எடுத்துவிடுவாய், அவளே போட்டதாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று இத்தனை நாள் பேசாமல் இருந்தேன். உன் சாவி வேறு, என் சாவி வேறு என்பது என் புத்திக்கு எட்டவில்லை. உன் கடிதத்தில் மணல் என்று படித்தபோதுதான் உறைத்தது.

அந்தச் சொல்லை எழுத்தில் தர மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்.

அண்ணன்


மார்ச் 30

என் தங்கமான அண்ணனுக்கு,

நலம், நலம், ரொம்ப நலம்!

ஒரு சொல்லைச் சொல்ல எத்தனை தடவை இருமினாய்! "கொஞ்சம் இரு, உங்கண்ணி பக்கத்து ரூம்ல இருக்கா", "கொஞ்சம் இரு, வாசல் பக்கம் போறேன்", "நீ சிரிக்கக் கூடாது". நான் சிரிக்கவில்லை. போனை வைத்த பிறகு சிரித்ததை நீ கணக்கில் சேர்க்கக் கூடாது. அந்தச் சொல்லை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டேன், இல்லாவிட்டால் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பேன்.

சாவியைப் போட்டேன். முதலில் அதே மணல். அப்புறம் நடுவில் கொஞ்சம் கறுப்பு கூடியது. வளைவு வளைவாகக் கோடுகள். கோடுகளை நறுக்கிக்கொண்டு சாய்வாக ஒரு வெள்ளைக் கீற்று. அண்ணியின் கட்டைவிரல்! படச் சட்டத்துக்குக் கண்ணாடி வெட்டும்போது கிழித்துக்கொண்ட அதே தழும்பு. காலண்டர்காரர் படத்திலும் போட்டேன். அதே விரல், ஓரம் மட்டும் கொஞ்சம் மங்கல். மூலையில் அவர் பெயர், உள்ளே முழுக்க என் அண்ணியின் விரல்!

வயிற்றில் பாலை வார்த்தாய், அண்ணா. மே மாதமும் பிழைத்தது.

இன்றைக்கே அண்ணியிடம் சொல்லிவிடு. திட்டினால் வாங்கிக்கொள். பாத்திரம் துலக்கியதெல்லாம் எதற்காக என்று இப்போது புரிகிறது.

குட்டி


ஏப்ரல் 9

அன்புள்ள குட்டிக்கு,

நலம். பல்லும் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

உன் அண்ணன் பாத்திரம் துலக்கிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார். "தேனீப் படத்துல மச்சம் இருக்கு. நான்தான் போட்டேன்." நான் கையில் இருந்த தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அது காய்ந்து ரொம்ப நேரமாகியிருந்தது.

"என்னைக் கேக்காம என் படத்தைத் தொட்டீங்களா?" என்று கத்தினேன். கத்தி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கிய அழுகை. இந்த மனுஷர் பயந்துபோய் நுரைக் கையோடு என் கண்ணைத் துடைக்க வந்தார். கண் எரிந்து இன்னும் அழுதேன்.

நீ என்னால் உன் புரோகிராமையே நிறுத்தப் பார்த்தாய் என்று அப்புறம் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. "அரிக்கிறது" என்று ஒரு வார்த்தை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஸ்வெட்டரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். குட்டி, உன் ஸ்வெட்டர் அரிக்கும். இதை எழுதிவிட்டேன், அப்பாடா.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று எத்தனை பேரிடம் பீற்றியிருக்கிறேன்! இரண்டு வருடம் என் படம் ஒவ்வொன்றிலும் என் விரலே இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. நேற்று எல்லாவற்றையும் எடுத்து வைத்துத் தேடினேன். மூக்கைத் திரையில் ஒட்டி வைத்துப் பார்த்தும் தெரியவில்லை. உன் மேலதிகாரியிடம் இதைச் சொல்.

சாவிச் சொல் என்னவென்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார். "விசாரணைக்கு வந்து நானே சொல்றேன்" என்கிறார். உனக்குத் தெரியுமாமே?

அண்ணி


ஏப்ரல் 18

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். செருப்பு இப்போது கடிப்பதில்லை. ஸ்வெட்டரை அண்ணனுக்குக் கொடுத்துவிடுங்கள். அவன் அரித்தாலும் சொல்ல மாட்டான்.

உங்கள் கடிதத்தை மேலதிகாரியிடம் படித்துக் காட்டினேன். பாறாங்கல், நுரைக் கை எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். "அந்த அம்மா கண்ணுக்கே தெரியலைன்னா வேற யாருக்கும் தெரியாது" என்றார். அண்ணன் வைத்த அந்தக் கால்வாசி அளவைத்தான் இனி எல்லாருக்கும் கொடுக்கப்போகிறோம். அவனிடம் சொல்லாதீர்கள், தலை கனத்துவிடும்.

இனி விசாரணை. உங்களிடம் இருக்கும் படத்தை முதலில் திறக்க விடாதீர்கள். நாத்தனார் புரோகிராம்தானே, இப்போது விரலை உள்ளே வைத்திருப்பாள் என்று அந்த ஆள் சொல்வார். அவர் "என் மூலப் படம்" என்று தன் கையால் கொடுக்கும் ஃபைலைத்தான் திறக்க வேண்டும். அருங்காட்சியகத்தின் ஆளே, அவர்கள் கம்ப்யூட்டரிலேயே செய்யட்டும். அதே சாவியை வேறு ஆட்களின் படங்களிலும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவற்றில் வெறும் மணல்தான் வரும். அவர் ஃபைலில் மட்டும் உங்கள் விரல் எப்படி வந்தது என்பதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

சாவியை மட்டும் கடைசி நிமிடம் வரை வெளியே விடக் கூடாது. சாவி தெரிந்தவரால் மச்சத்தை அழித்துவிட முடியும். இதை அண்ணனிடம் சொன்னதும் அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பாரு, பாதுகாப்புக்காகத்தான் நான் சொல்லலை" என்கிறான். நம்பாதீர்கள். ஆனால் கேட்கவும் கேட்காதீர்கள்.

தைரியமாகப் போங்கள். கையைக் கழுவிக்கொண்டு போங்கள், முக்கியமாகக் கட்டைவிரலை.

உங்கள் நாத்தனார்


மே 4

அன்புள்ள குட்டிக்கு,

நலம், நலம், நலம். நீயும் நலமாக இரு, அந்தக் காலண்டர்காரர்கூட எங்கேயாவது நலமாக இருந்துவிட்டுப் போகட்டும். அந்த அளவுக்கு மனசு லேசாக இருக்கிறது.

நீ சொன்னபடியே நடந்தது. அவர் பளபளப்பான காலணியோடு வந்து "இதுதான் என் மூலப் படம்" என்று ஃபைலைக் கொடுத்தார். தலைவி அதை அவர்களுடைய கம்ப்யூட்டர் பிரிவு அம்மாளிடம் கொடுத்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை.

கம்ப்யூட்டர் அம்மாள் உன் புரோகிராமைத் திறந்து, விசைப்பலகையில் விரலை வைத்துக்கொண்டு, "சாவிச் சொல்?" என்று கேட்டார்.

உன் அண்ணன் எழுந்தார். இரண்டு காதும் சிவந்திருந்தன. சொன்னார், யாருக்கும் கேட்கவில்லை. "சத்தமா சொல்லுங்க சார்" என்றார் தலைவி. இன்னொரு தடவை சொன்னார். கம்ப்யூட்டர் அம்மாள் எழுத்துக்கூட்டி, அறை முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே அடித்தார்: "முட்... டைக்... கண்... ணி. முட்டைக்கண்ணி. சரிங்களா சார்?"

"சரி" என்றார் இவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

தலைவி என் கண்ணைப் பார்த்தார். அப்புறம் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். குட்டி, எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம். ஒரு தடவைகூட இந்த மனுஷர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. "இங்க வா", "கேட்டியா", "சாவி எங்க" இதுதான் என் பெயர். மனசுக்குள் எனக்கு ஒரு செல்லப்பெயர் வைத்து, என் படம் ஒவ்வொன்றுக்கும் அதைச் சொல்லிப் பூட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததில் விரல் திரையில் வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. "அம்மா, இங்க பாருங்க" என்று கூப்பிட்ட பிறகுதான் திரும்பினேன். வளைவு வளைவாக, நடுவில் சாய்ந்த கீற்றோடு, அவ்வளவு பெரிதாக என் கட்டைவிரல். வேறு ஆட்களின் படங்களில் போட்டுப் பார்த்தார்கள், மணல்தான். ரசீதில் முத்திரை குத்தும் மைப் பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார் தலைவி. காகிதத்தில் அழுத்தினேன். தழும்பு அதே இடத்தில் அதே சாய்வில் விழுந்தது.

காலண்டர்காரர், "இந்தக் காலத்துல கம்ப்யூட்டர்ல என்ன வேணும்னாலும் பண்ணலாம்" என்றார். "உங்க கையால குடுத்த ஃபைல்தானே சார்?" என்று தலைவி கேட்டார். அடுத்த காலண்டரில் படம் என்னுடையது என்று அச்சிட்டு வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

வேலை எனக்குத்தான். திங்கட்கிழமை சேர்ந்துவிட்டேன். அடையாள அட்டைக்குப் படம் எடுத்த பையன் "தாடையை இறக்குங்க மேடம், சிரிக்காதீங்க" என்றான். என்னால் முடியவில்லை. அட்டையில் பல்லெல்லாம் தெரிகிறது.

வீட்டுக்கு வருகிற வழியில் பஸ்ஸில் இவர் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். "கோபமா?" என்று கேட்டார். "என் கண்ணு முட்டைக்கண்ணா?" என்று கேட்டேன். கடைக்காரர் பார்வையில் ஒரு தடவை என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, "ஆமா" என்றார்.

புதுப் படங்களுக்கும் இனி நீங்களே மச்சம் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். சாவிதான் ஊருக்கே தெரிந்துவிட்டது, வேறு வைக்க வேண்டும். வைத்துவிட்டாராம். என்னவென்று நான் கேட்கவில்லை.

இன்று காலை கடைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய சாவியைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். நான் உள்ளேயிருந்து காதில் விழாததுபோல் இருந்தேன். இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்றுதான்.

அண்ணி